எதிரியிடம் கைப்பற்றிய அண்டா

என் அத்தை ஹைதராபாத்துக்கு வந்தது சார்மினாரைப் பார்க்க அல்ல, ஓர் அண்டாவைப் பார்க்க. பிப்ரவரி கடைசி வாரம், கச்சிபௌலியில் எங்கள் பதினான்காவது மாடி வீட்டில் பெட்டியை இறக்கி வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த மிலிட்டரி மியூசியம் எந்தப் பக்கம்டா கீது?" என்பதுதான். பால்கனியிலிருந்து கிழக்கே கையைக் காட்டினேன். தெரிந்ததெல்லாம் எதிர் அடுக்குமாடியில் காயும் துணிகள். அத்தை அவற்றையே கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார்.

மல்லிகா அத்தை அப்பாவின் தங்கை, ஊர் குடியாத்தம். மாமா ராணுவத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்தின்போது தாய்வீட்டுச் சீராக வந்த பித்தளை அண்டாவில் ஐம்பது பேருக்கு ரசம் வைக்கலாம். இருவரும் ராணுவக் குடியிருப்பில் இருந்த காலத்தில், படைப்பிரிவின் பாத்திரம் ஓட்டையாகிவிட்டது என்று மாமா இந்த அண்டாவை ஒரே ஒரு நாளைக்கு இரவல் வாங்கிப் போனார். அன்று மாலையே கிழக்கு எல்லைக்குக் கிளம்பும்படி உத்தரவு வந்தது. சில மாதங்கள் கழித்து மாமா திரும்பி வந்தார். அண்டா வரவில்லை, படையின் சாமான்களோடு சாமானாகக் கலந்துவிட்டது. "நாட்டுக்குக் கொடுத்தேன்" என்பது மாமாவின் நிலைப்பாடு. "யாரு வூட்டுச் சொத்தை?" என்பது அத்தையின் நிலைப்பாடு. பிள்ளைகள் பிறந்து, படித்து, அவர்களுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. பேச்சுவார்த்தை மட்டும் முடியவில்லை.

போன வருடம் மாமாவின் பழைய தோழர் ஒருவர் சைனிக்புரியில் மகன் வீட்டுக்கு வந்தவர், அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு போன் செய்தார். "உங்க அண்டா அங்க கீதுபா, பேரோட." அன்று முதல் அத்தையின் கோரிக்கை இரண்டில் ஒன்றாகச் சுருங்கியது. கண்காட்சிப் பலகையில் தன் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அண்டா குடியாத்தம் திரும்ப வேண்டும்.

கச்சிபௌலியிலிருந்து சைனிக்புரிப் பக்கம் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். எட்டு மணி நேர வாடகைக்கு வண்டி எடுத்தோம், 2,200 ரூபாய். காலை ஒன்பதரைக்குக் கிளம்பி பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். இதில் முதல் நாற்பது நிமிடங்கள் எங்கள் வீட்டு வாசல் தெருவிலேயே கழிந்தன. ஓட்டுநர் தேவராஜுக்கு ஐம்பது வயதிருக்கும். அவருடைய கொள்ளுத்தாத்தா ரயில்வே பட்டறை வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவராம். தமிழ் நன்றாகப் பேசினார், 'கைக்கு' (எதுக்கு), 'ஹவ்' (ஆமாம்), 'நக்கோ' (வேண்டாம்) என்று இந்த ஊர்க் கலவையோடு.

"மியூசியத்துக்கு கைக்கு மா போறீங்க? துப்பாக்கி பாக்கவா?"

"அண்டா பாக்க."

தேவராஜ் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "ஹவ் மா, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஹாரனை அழுத்தினார். வெயிலில் வண்டியில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய் என்று அத்தை அவரையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஓய்வு பெற்ற அதிகாரிகள் சிலர் சேர்ந்து நடத்தும் அருங்காட்சியகம் இது. வாசலில் ஆதார் அட்டை கேட்பார்கள். அசல் அட்டையே வேண்டும், ஏனென்றால் போனைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டச் சொல்வார்கள் (பத்து ரூபாய்). இந்தப் பதிவில் ஒரு படம்கூட இல்லாததற்கும் அதுவே காரணம். நுழைவுக் கட்டணம் ஐம்பது ரூபாய். ராணுவக் குடும்பத்தினருக்கு இலவசம் என்று சலுகைப் பலகை சொல்கிறது. அத்தை மாமாவின் ஓய்வூதிய அட்டை நகலை நீட்டினார். சீட்டு கொடுப்பவர் அதைப் படித்தார், பலகையைப் படித்தார், மறுபடி அட்டையைப் படித்தார். பலகையில் அதிகாரி உண்டு, இளநிலை அதிகாரி உண்டு, ஜவான் உண்டு, சமையல்காரர் இல்லை. அத்தைக்கும் ஐம்பது ரூபாய் கொடுத்தோம். மாமா சமைத்ததைச் சாப்பிட்ட அத்தனை பேரின் குடும்பமும் உள்ளே இலவசமாகப் போகலாம் என்பதை வரிசையில் நிற்கும்போது கணக்கிட்டு, அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. உடம்புக்கு ஆகாது.

தனியாகச் சுற்ற அனுமதி கிடையாது. இருபது பேர் சேர்ந்ததும் ஒரு விசில். வழிகாட்டி முன்னே நடப்பார், நாம் இரண்டிரண்டு பேராகப் பின்னால். ஐம்பது ரூபாய்க்கு ராணுவச் சேவையின் சுவையும் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கூடத்தில் சீருடைகள். ஜவுளிக்கடைப் பொம்மைகளுக்கு அணிவித்திருக்கிறார்கள். பஞ்சாப், கூர்க்கா, மதராஸ் என்று பலகைகள் மாறுகின்றன. பொம்மை மாறுவதில்லை. எல்லாருக்கும் ஒரே ரோஜா நிறம், ஒரே நீலக் கண். மதராஸ் வீரர் முன் அத்தை சற்று நின்றார். "இவன் எந்த ஊருடா?" என்றார்.

இரண்டாவது கூடம் அதிகாரிகள் விருந்துக்கூடத்தின் வெள்ளிச் சாமான்கள். ஒரு சூப் கிண்ணத்துக்கு மட்டும் மூன்று விளக்குகள். எந்தத் தளபதி எந்தக் கரண்டியால் குடித்தார் என்பது உள்பட எழுதியிருக்கிறது. சூப் யார் வைத்தது என்று எழுதவில்லை. இத்தனை போர்களும் எதையும் தின்னாமல் நடந்திருக்கின்றன, நடுநடுவே சிலர் சூப் மட்டும் குடித்திருக்கிறார்கள் என்ற தெளிவோடு நீங்கள் அடுத்த கூடத்துக்குப் போகலாம்.

மூன்றாவது கூடம், எதிரிகளிடம் கைப்பற்றிய பொருட்கள். ஒரு கிழிந்த கொடி, இரண்டு தலைக்கவசம், ஒரு வானொலிப் பெட்டி. வாசலுக்கு நேர் எதிரே, சிவப்புத் துணி போர்த்திய மேடையில், கயிற்று வேலிக்குள், ஒரு பித்தளை அண்டா.

அத்தை அடையாளம் கண்டது பெயரை வைத்து அல்ல, அண்டாவின் வயிற்றில் நசுங்கியிருந்த சொட்டையை வைத்து. "உங்கப்பன் போட்ட சொட்டைடா அது! கல்யாணத்தன்னிக்கு பஸ் மேலேர்ந்து எறக்கறேன்னு கீழ போட்டான்!"

பலகை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. அப்படியே தமிழில் தருகிறேன்: "எதிரியின் களச் சமையல் கலம். கிழக்குப் போர்முனையில் கைப்பற்றப்பட்டது. முன்புறம் குண்டுச் சிதறல் தழும்பு. பின்புறம் எதிரியின் சங்கேத எழுத்து, இதுவரை படிக்கப்படவில்லை."

வழிகாட்டி இதையே இன்னும் உருக்கமாக இந்தியில் சொன்னார். நிபுணர்கள் பலர் முயன்று தோற்றார்களாம். தேவராஜ் அத்தையின் காதில் மொழிபெயர்த்தார். நான் கயிற்றுக்குப் பக்கவாட்டில் போய் எட்டிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம், பாத்திரக் கடைக்காரர் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய மூன்று வரிகள், நம் எல்லார் வீட்டுப் பாத்திரத்திலும் இருப்பதுபோல: "கோ. மல்லிகா. திருமணச் சீர். தாய்வீடு, குடியாத்தம்."

அத்தை கத்துவார் என்று நினைத்தேன். அவர் பலகையின் ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டார். "புடிச்சிக்கினு போனாங்கன்றது மட்டும் நெஜம்தான்டா. எதிரிகிட்டேர்ந்து இல்ல, எங்கிட்டேர்ந்து. உங்க மாமாவுக்கு மெடலு குடுத்தானுங்களா?"

"நீ படிச்சிச் சொல்லுப்பா எல்லாருக்கும்" என்று தேவராஜைப் பார்த்தார்.

"நக்கோ மா! பேசத்தான் வரும். நான் படிச்சது தெலுங்கு மீடியம்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகக் கோபப்பட விரும்புகிறேன். இந்த நகரத்தில் நான்கு தலைமுறையாக ரயில்வே காலனிகளில் தமிழ் பேசுகிறார்கள். எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் ஏறினால் மூன்றாம் மாடிக்குள் யாராவது தமிழில் மாமியாரைப் பற்றிப் பேசுவது காதில் விழும். அருங்காட்சியகத்தின் வாசலில் இட்லி விற்பவரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் எதிரியின் சங்கேதம் சட்னி ஊற்றும் நேரத்தில் உடைந்திருக்கும். நிபுணர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. நமக்குத் தெரியாத எழுத்து எதிரியின் எழுத்து என்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிட்டது.

பொறுப்பாளரைப் பார்க்க வேண்டும் என்றோம். ஓய்வு பெற்ற அதிகாரி, எழுபதை ஒட்டிய வயது, பேச்சில் அவ்வளவு மரியாதை. மூன்று பேருக்கும் தேநீர் வரவழைத்தார். நான் விவரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்கள் குழுவில் பல மொழி அறிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றார் ஆங்கிலத்தில். அந்தப் பலவற்றில் தமிழ் உண்டா என்று கேட்டேன். எழுத்து வட்டவட்டமாக இருந்ததால் எல்லைக்கு அப்பாலிருந்து வந்திருக்கும் என்று தோன்றியதாகச் சொன்னார். படையின் அன்றைய தலைவர் கைப்பற்றிய பொருள் என்று கையெழுத்துப் போட்டே அனுப்பியிருக்கிறார், அவர் பொய் சொன்னார் என்று எப்படிக் கருத முடியும் என்று கேட்டார்.

நான் அத்தைக்குச் சொன்னேன். "அப்போ எங்கப்பா கடையில காசு குடுத்து வாங்குனது பொய்யாமா?" என்றார் அத்தை. தேவராஜ் இதை மிக மென்மையான இந்தியில் மாற்றிச் சொன்னார்.

பிறகு அத்தை கைப்பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்தார். தமிழ்நாட்டு அட்டையில் பெயர் மேலே தமிழிலும் கீழே ஆங்கிலத்திலும் இருக்கும். அதிகாரியைக் கையோடு மூன்றாவது கூடத்துக்கு அழைத்துப் போய், பக்கவாட்டில் நின்று கயிற்றுக்கு மேலே குனிந்து, அட்டையை அண்டாவின் எழுத்துக்குப் பக்கத்தில் வைத்தார். தமிழே தெரியாதவர்கூட வடிவத்தை ஒப்பிடலாம். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார். எதிரியின் சங்கேத எழுத்தில் இந்திய அரசே அத்தைக்கு அடையாள அட்டை வழங்கியிருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிய வந்தது.

"இது உங்கள் பெயர்தான்" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. மன்னிப்பும் கேட்டார். அத்தை முகத்தில் அத்தனை வருட வழக்கில் ஜெயித்த களை. அது முழுதாக ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

ஏனென்றால் அதிகாரி தொடர்ந்து விளக்கினார். இது கைப்பற்றிய பொருள் இல்லையென்றால் இந்தக் கூடத்தில் இருக்க முடியாது. மற்ற கூடங்கள் சீருடை, வெள்ளி, ஆயுதம். சமையல் பாத்திரத்துக்குப் பிரிவே இல்லை. திருப்பிக் கொடுக்கலாமா என்றால், அருங்காட்சியகத்தின் சொத்து, குழு கூடி முடிவெடுக்க வேண்டும். குழு எப்போது கூடும்? உறுப்பினர்களில் பலர் பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருக்கிறார்கள். அதுவரை? அதுவரை பின்னாலிருக்கும் கிடங்கில் பாதுகாப்பாக இருக்கும். நீங்கள் எழுத்துமூலம் புகார் கொடுத்தால் இன்றைக்கே இறக்கிவிடுகிறேன் என்றார். உண்மையாகவே உதவ நினைத்துத்தான் சொன்னார். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது அதனால்தான். பொய்யாக இருந்தால் சிவப்புத் துணி, விளக்கு, கயிற்று வேலி. உண்மையானால் கிடங்கு.

அத்தையிடம் அப்படியே சொன்னேன். அவர் அண்டாவைப் பார்த்தார். இத்தனை வருடங்களில் அதன் பக்கத்தில் அவர் நின்றது அன்றுதான். யாரோ தினமும் துடைக்கிறார்கள், பளபளவென்று இருந்தது. விளிம்பில் தன் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார்.

"கோடவுன்ல போட்டா யாரு தொடப்பாங்க?"

யாரும் துடைக்க மாட்டார்கள் என்றேன்.

"அப்போ புகாரெல்லாம் வாணாம். இருட்டுல கெடக்கறதுக்கு, நான் எதிரியாவே இருந்துட்டுப் போறேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார்: "ஆனா சொட்டைய சொவுத்துப் பக்கம் திருப்பச் சொல்லு. பேரு முன்னால வரட்டும்."

பலகையை மாற்றக் குழு வேண்டும். அண்டாவைத் திருப்பக் குழு தேவையா என்று அதிகாரி சற்று யோசித்தார். தேவையில்லை என்று முடிவு செய்தார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அவரும் காவலாளியும் இரண்டு பக்கமும் பிடித்துத் திருப்பினார்கள். "மெதுவா, மெதுவா, அடி பட்டுடப் போவுது" என்று அத்தை கயிற்றுக்கு வெளியிலிருந்து தமிழில் உத்தரவிட்டார். இருவரும் சரியாகப் புரிந்துகொண்டார்கள்.

நாங்கள் வெளியேறும்போது அடுத்த இருபது பேர் விசிலோடு உள்ளே வந்தார்கள். வழிகாட்டி எதிரியின் சங்கேத எழுத்தைப் பற்றி ஆரம்பித்தார். அவருக்கு மனப்பாடமானது அதுதான், குறை சொல்ல முடியாது. அவர் முடிக்கும்வரை அத்தை காத்திருந்து, பிறகு மூன்று வரிகளையும் நிறுத்தி நிறுத்தி, சத்தமாகப் படித்தார். தேவராஜ் இந்தியிலும் தெலுங்கிலும் சொன்னார். கூட்டத்தில் ஒரு பெண்மணி, "எங்க அம்மா வீட்டுப் பாத்திரத்திலயும் இப்படித்தான் பேர் வெட்டியிருக்கும்" என்று தெலுங்கில் சொல்லிக் கயிற்றருகே வந்தார். வழிகாட்டி விசிலை ஊதினார்.

இனி, போக விரும்புகிறவர்களுக்கு. திங்கள்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. சுற்றிப் பார்க்க ஒன்றரை மணி நேரம் போதும். உணவகம் உண்டு, சமோசா மட்டும். தண்ணீர் கொண்டு போங்கள். வெளியே நிற்கும் டாங்கி மீது குழந்தைகளை ஏற்றாதீர்கள், பிப்ரவரியிலேயே அது தோசைக்கல் மாதிரிக் காய்கிறது. அருங்காட்சியகத்தின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் குழுவினர் யாராவது தேடிப் படித்து, நேர்மையானவர்கள் ஆயிற்றே, அண்டாவை உடனே கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள். சைனிக்புரியில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

மூன்றாவது கூடத்தில் நுழைந்ததும் நேர் எதிரே. பெயர் இப்போது முன்பக்கம் இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள், வழிகாட்டி பேசி முடித்ததும், வாய்விட்டுப் படித்துவிட்டு வாருங்கள். தொடக் கூடாது, சாயக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்றெல்லாம் பலகைகள் உண்டு. படிக்கக் கூடாது என்று ஒரு பலகையும் கிடையாது. ஒன்று விடாமல் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.