சிவப்பா, மஞ்சளா?

கல்யாணமாகி மலேசியாவின் கிள்ளானிலிருந்து புதுச்சேரிக்கு வந்த புதிது. லாஸ்பேட்டையில் நாங்கள் குடியேறிய வாடகை வீட்டுக் குழாயடியில், பக்கத்துப் போர்ஷன் மல்லிகா அக்கா கேட்டார்: "ஏம்மா, நீங்க செவப்பா, மஞ்சளா?"

எனக்குச் சுருக்கென்றது. "பாத்தா தெரியலையாக்கா? கறுப்புதான்" என்றேன்.

அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஐய, ஒன் நெறத்த யாரு கேட்டா? ரேஷன் கார்டக் கேட்டேன்."

இங்கே வருமானம் குறைந்த குடும்பத்துக்குச் சிவப்பு அட்டை, மற்றவர்களுக்கு மஞ்சள். மலேசியாவில் இதைப் படிக்கும் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். 'ஏழை' என்ற சொல்லையே எங்கள் தெருவில் நான் அதிகம் கேட்டதில்லை. 'அவங்க செவப்பு கார்டு' என்று ஊர்ப்பெயர் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போவார்கள். சிவப்பு போய் மஞ்சள் வந்தால் சலுகைகளும் போய்விடும்; அந்த வீட்டில்தான் முகம் வாடிக் கிடக்கும்.

என் கணவர் செல்வம் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வெல்டர். போன மழைக்காலத்தில் வேலை முடிந்து வரும்போது ஸ்கூட்டர் சறுக்கித் தொடையெலும்பு முறிந்தது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில், அறுவைச் சிகிச்சை வேண்டும் என்றார்கள். பதிவு செய்யுமிடத்தில் இருந்தவர், "என்ன கார்டும்மா?" என்றார். திரும்பிப் பார்த்தேன். பின்னால் நீண்ட வரிசை. அத்தனை பேர் காதிலும் விழ எப்படிச் சொல்வது?

"மஞ்சளா?" என்று அவரே எழுதப் போனார். துணைக்கு வந்திருந்த மல்லிகா அக்கா பதறிப்போய்க் குரல் கொடுத்தார்: "செவப்பு சார், செவப்பு! வெளிநாட்டுப் பொண்ணு, பேசக் கூச்சப்படுது."

வரிசையில் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர்களில் பலர் கையிலும் அதே சிவப்புதான்.

எலும்புக்குத் தகடு வைத்தார்கள்; சிவப்பு அட்டை என்பதால் காசு கேட்கவில்லை. மறுநாள் என் கணவர் இட்லியைப் பிட்டு வாயில் போட்டு, "சட்னில உப்பே இல்ல" என்று முகம் சுளித்தார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது, கூடவே அழுகையும்.

வராந்தாவுக்கு வந்து கிள்ளானிலிருக்கும் அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். செலவுக்கு என்ன செய்தாய் என்று கேட்டார்.

"எங்களுக்குச் செவப்பு கார்டும்மா!" என்றேன், வராந்தா முழுக்கக் கேட்க.

"அப்படின்னா?"

"நம்ம ஊர்ல பி40ன்னு சொல்வாங்கல்ல, அது மாதிரி."

பி40 என்றால் மலேசியாவின் வருமான வரிசையில் கீழ் நாற்பது சதவீதக் குடும்பங்கள். பள்ளியில் உதவிப்பொருள் வாங்க ஆசிரியர் 'பி40 பிள்ளைகள்' என்று கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொண்டுதான் எழுந்து போவேன். இப்போதும் அந்தச் சொல்லை மட்டும் கையால் வாயை மறைத்துக்கொண்டு சொல்லியிருந்தேன். அந்த வராந்தாவில் அதற்குப் பொருள் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.