சாய்வுக் கணக்கும் சில மனிதர்களும்

கணக்கு ட்யூஷன் எடுப்பவர்களுக்கு ஒரு தலையெழுத்து உண்டு: கழித்தலில் தப்பு செய்வது ஒருவர், அதற்குப் பதில் சொல்வது நாம். உங்களில் யாராவது இந்தத் தொழிலில் மாட்டியிருந்தால் தலையாட்டுவீர்கள். புனேயில், வானவடியில் எங்கள் வீட்டு ஹாலில் பதினொரு வருஷமாகப் பத்தாவதுக்குக் கணக்கு எடுக்கிறேன். அதிலும் நேர்கோடு, சாய்வு என்று ஆரம்பித்தாலே எனக்குப் பயம் வந்துவிடும்.

மைனஸ் எட்டு

நிவேதாவின் அப்பா ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஒரு நாள் மகளோடு அவரும் வந்து உட்கார்ந்தார். (2, 5), (6, −3) என்ற இரண்டு புள்ளிகளைக் கொடுத்து அவற்றை இணைக்கும் கோட்டின் சாய்வைக் கேட்டேன். மைனஸ் மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் மைனஸ் எட்டு. அவள் அந்த இடத்தில் இரண்டு என்று எழுதினாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அவள் தலையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "வெளியே போங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பாடம் முடிந்து கதவைத் திறந்தால் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் லேப்டாப் பை. சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வேலை போய் நாலு மாசம் ஆச்சு டீச்சர். தினம் காலையில பையை மாட்டிக்கிட்டுக் கெளம்பிடறேன், வீட்ல யாருக்கும் தெரியாது. அவளாவது தப்பு பண்ணாம இருக்கணும்ல?" என்றார்.

கல்லறை வாசலில்

அப்பாவை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஆட்டோவுக்கு நின்றிருந்தோம். வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு வந்து விழுந்தது. சாய்வு −2, கோடு (0, 3) வழியாகப் போகிறது, சமன்பாடு என்ன? மறுநாள் பரீட்சை எழுதவிருந்த பையனின் அம்மா அனுப்பியிருந்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், நின்றபடியே பதில் அடித்தேன்: y = −2x + 3. அழுவதைவிட அது சுலபமாக இருந்தது.

உடனே அவரே கூப்பிட்டார். பக்கத்தில் என் தங்கை அழும் சத்தம் கேட்டிருக்கும். என்ன ஆயிற்று என்று விசாரித்தார். சொன்னேன். "ஐயோ, அப்பாவா! ஆண்டவர் ஆறுதல் தரட்டும் டீச்சர். ஆனா அந்த மூணு எங்கேர்ந்து வந்துச்சு?"

ஆறுமுகத்தின் ஸ்கேல்

ஆறுமுகம் என்னைவிட மூத்தவர். போசரியில் ஒரு பட்டறையில் பிரஸ் மிஷின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டது. பத்தாவது பாஸ் செய்தால் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கும் வேலை, இல்லையென்றால் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டார்கள். சாய்வெல்லாம் மனக்கணக்காகவே போட்டுவிடுவார். கோடு வரைவதுதான் பாடு. இடது கையில் பென்சில்; ஸ்கேலைப் பிடிக்க வலது கை நிற்காது, கோடு நடுவில் வழுக்கிக்கொண்டு போகும். வீட்டில் மனைவி பிடித்துக்கொள்வாராம். பரீட்சை ஹாலுக்கு மனைவி வர முடியாதே! மணிக்கட்டால் ஸ்கேலை அழுத்தி, இரண்டு மாதம் கோடாகப் போட்டுத் தள்ளினார்.

எழுதுவதற்கு உதவி ஆள் கேட்டு மனுப் போடலாம் என்பது எனக்குக் கடைசி தேதி தாண்டிய பிறகுதான் தெரிந்தது. கணக்குப் பரீட்சை முடிந்ததும் பஸ் ஸ்டாப்பிலிருந்து போன் செய்தார். "கோடு சுத்தமா வந்துச்சு டீச்சர். வழுக்கவேயில்ல. அதைப் போட்டு முடிக்கறதுக்குள்ள நேரமாயிடுச்சுன்னு பேப்பரை வாங்கிட்டாங்க, மத்த கணக்கு பாதி அப்படியே நின்னுபோச்சு."

என் தப்பு

இதை யாரிடமும் சொன்னதில்லை. பரீட்சைக்கு முன் ஒரு சூத்திரத் தாள் அச்சடித்துக் கொடுத்தேன். ஒரு கோட்டின் சாய்வு 2 என்றால் அதற்குச் செங்குத்தான கோட்டின் சாய்வு −½. நான் மைனஸை விட்டுவிட்டேன். என்னிடம் படித்த ஜாஸ்மின் அதை அப்படியே மனப்பாடம் செய்து, அப்படியே எழுதிவைத்தாள். அவள் ஆசைப்பட்ட டிப்ளமோ சீட் ஒரே மார்க்கில் கைவிட்டுப் போனது.

அவள் அம்மா ராணுவக் குடியிருப்பில் சமையல் வேலை செய்பவர். வீட்டுக்கு வரச் சொல்லி, தாளைக் காட்டி, தப்பு என்னுடையது என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். "அவங்க அப்பா காதுல மட்டும் போட்டுடாதீங்க டீச்சர். கணக்கு டீச்சருக்கே தப்பு வருது, உனக்கெதுக்குப் படிப்புன்னு நிறுத்திடுவாரு."

இத்தனைக்கும் பிறகு யாராவது புதிதாக வந்து சாய்வுக் கணக்கு சொல்லித் தருவீர்களா என்று கேட்டால், முதலில் ஒரு நாற்காலியும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் பயந்துகொண்டே போர்டைத் துடைக்கிறேன்.