மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் துலக்கிய புகைக்குழாய்கள்

அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் இருந்தது நாலே பேர்: நான், என் அக்கா, அக்கா வீட்டுக்காரரான மச்சான், கல்யாணத்துக்குக் கார் பேச எரியோட்டிலிருந்து வந்த, மாப்பிள்ளையின் சித்தப்பா. வேப்பமரத்தடியில் எங்கள் பிளசர் கார்.

திண்டுக்கல் தோல் கிடங்கு முதலாளி ஒருவரிடம் மச்சானும் நானும் வாடகைக்கு ஓட்டத் தவணையில் வாங்கிய பழைய சீமை வண்டி அது. வாங்கியதிலிருந்து ஒரு சவாரி அமையவில்லை. திங்கட்கிழமைக்குள் முதல் தவணை கட்டாவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று பேச்சு.

சித்தப்பா வண்டியைச் சுற்றி வந்தார். முன்பக்கம் பிடித்துவிட்டது. பின்னால் போனவர் நின்றுவிட்டார். மாப்பிள்ளை அழைப்பில் கார் ஊர்ந்துதான் போகும். சீர்த்தட்டு ஏந்திய பெண்கள் அதன் பின்னால் ஒட்டியே நடப்பார்கள். அவர்கள் கண்ணில் படுவதெல்லாம் வண்டியின் பின்பக்கம்தான். அங்கே பம்பருக்குக் கீழே இரண்டு புகைக்குழாய்கள், கரியேறிப் பழுப்படித்துக் கிடந்தன.

"என்னப்பா இது, மாப்பிள்ளைக்குப் பின்னாடி ரெண்டு ஊதாங்குழலு வருது?" என்றார்.

டவுனில் வேலை இருக்கிறதாம், பொழுது சாயத் திரும்பி வருவாராம். அதற்குள் பளபளப்பு வராவிட்டால் மதுரைக் காருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிப் போய்விட்டார்.

மச்சான் மண்ணெண்ணெய்த் துணியால் தேய்க்கத் தேய்க்கக் கரி போனது, பழுப்பு போகவில்லை. அக்கா குத்துவிளக்குத் துலக்கும் புளியும் செங்கல்பொடியும் கொண்டு வந்தாள். முலாம் உரிந்துபோனால் என்ன செய்வது என்று நான் குறுக்கே உட்கார்ந்துவிட்டேன். பதற்றத்தில் என் கை சும்மா இருக்காது. மச்சான் போட்ட காலி சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைக் கசக்கிக்கொண்டே இருந்தவன், மண்ணெண்ணெய் ஈரம் காயாத குழாயில் அதை வைத்து லேசாகத் தேய்த்தேன். தேய்த்த இடத்தில் காலணா அளவுக்கு வெள்ளை வெளேரென்று வந்தது. மச்சான் ஓடிப்போய்ப் பெட்டிக்கடையில் கிடந்த வெள்ளித்தாளையெல்லாம் பொறுக்கி வந்தார். மூன்று பேரும் மாறி மாறித் தேய்த்தோம். பழுப்பு வழிய வழிய, உள்ளேயிருந்து வெள்ளி எழும்பி வந்தது. அக்கா அதில் தன் மூக்குத்தியைப் பார்த்துச் சிரித்தாள்.

சித்தப்பா வந்தார். மச்சான் பெருமையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலேட்டரை ஏறி மிதித்தார். குப்பென்று புகை, தேங்காயெண்ணெய் தீயும் வாசத்தோடு. சாமி சிலைக்குப் பூசுவதுபோல, பளபளப்பு நிற்கட்டும் என்று அக்கா குழாயின் வாய்க்குள்வரை எண்ணெய் தடவி வைத்திருக்கிறாள். எங்களிடம் சொல்லவில்லை. போச்சு, வண்டியும் போச்சு என்று நினைத்தேன்.

சித்தப்பா மூக்கை உறிஞ்சினார். "ஏம்ப்பா, பிளசருக்குத் தாளிச்சு வேற விட்டிருக்கீகளா?"

அக்கா அசரவில்லை. "கல்யாண வண்டியாச்சேண்ணே, வாசமாத்தான் வரும்."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புகை அடங்கியதும் குனிந்தார். குழாயில் தெரிந்த முகத்தைப் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார். வண்டி நாளைக்கே எரியோட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றார்.

அழைப்பன்று எனக்குத் தெரிந்து யாரும் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. பெண்களும் பிள்ளைகளும் குழாயில் முகம் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். நானும் பின்னாலேயே நடந்தேன், வாயெல்லாம் பல்லாக. திங்கட்கிழமை காலையில் வாடகைப் பணத்தை அப்படியே கொண்டுபோய் முதலாளி கையில் கொடுத்தோம். அவர் எண்ணி வாங்கிக்கொண்டு நாங்கள் இன்னும் கட்ட வேண்டிய மீதியைச் சொன்னார்: ஆயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.