ஸ்கேன் அக்காவும் ஒரு கழித்தல் குறியும்

கடைக்காரர் எடுத்துக் கொடுத்த கைப்பையை உள்பக்கம் வெளியே வரும்படி உரித்துப் போட்டு, தையலை விரலால் நெருடிக்கொண்டிருக்கிறார் ஸ்கேன் அக்கா. இது அவர் திருப்பிப் போடும் நான்காவது பை. கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"வெளிய பாருங்க மேடம். எவ்வளவு அழகா இருக்கு!"

"வெளிய நீங்க பாத்துக்குங்க. உள்ள நான் பாத்துக்கறேன். இந்த ஜிப்பு நீங்க செஞ்சதா?"

"ஜிப்பு வேற கம்பெனிலேருந்து வரும் மேடம். நாங்க வாங்கித் தைக்கறதுதான்."

"அது வாயைப் பிளந்தா யாரு பொறுப்பு?"

கடைக்காரர் ஐந்தாவது பையை எடுக்கப் போய்விட்டார்.

அக்காவுக்கும் ஸ்கேனுக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. பெரிய மருத்துவமனை ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. எந்தப் புது மென்பொருளை யார் கொண்டுவந்து நீட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இதோட வயித்துல என்ன இருக்கு?" பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. மாதம் இரண்டு பேராவது, யாரோ தவறாகக் கைகாட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் அறை வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அக்கா கோபப்பட மாட்டார். எழுந்து வந்து சரியான அறை வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் திரும்புவார். திரும்பும்போது மட்டும் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருவார். நேர்வழியில் ஊசி போடும் அறை இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக மருத்துவமனையில் குப்பை கொட்டுகிறவருக்கு ஊசியைக் கண்டால் கை கால் உதறும்.

அவர் கேட்கும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. அச்சடிக்க ஒரு துண்டு, தேதி பார்க்க ஒரு துண்டு, படம் திறக்க ஒரு துண்டு என்று வேறு யாரோ எழுதியதை எடுத்து உள்ளே வைத்துத் தைத்துவிடுகிறார்கள். அந்தத் துண்டில் ஓர் ஓட்டை என்று தெரிந்தால், அதை வயிற்றில் வைத்திருக்கும் அத்தனை மென்பொருளிலும் அதே ஓட்டைதான். துண்டை எழுதியவர் ஓட்டையை அடைத்துப் புதிதாக ஒன்றை வெளியிட்டுவிடுவார். விற்ற கம்பெனி பழையதையே வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். நாமே உள்ளே கை விட்டு மாற்றலாமா, கூடாதா? அக்காவின் பாதி ஆயுள் இந்த ஒரு கேள்வியில் கழிந்திருக்கிறது.

எந்த மென்பொருளின் வயிற்றில் எந்தத் துண்டு, அது எத்தனை வயது என்பதெல்லாம் அவர் அறை பீரோவின் கதவில் ஒட்டிய தாளில் இருக்கிறது. பென்சிலால்தான் எழுதுவார். "உள்ள இருக்கறது நம்மகிட்ட சொல்லிட்டா மாறுது?" என்பார். வீட்டிலும் இதே கதைதான். தலையணை உறையைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் மாட்ட மாட்டார். "என்னையும் திருப்பிப் போட்டுப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டா" என்று அவர் கணவர் விருந்தாளிகளிடம் சொல்வார். அக்கா சிரிக்காமல், "அப்படியும் ரெண்டு மூணு விட்டுப்போச்சு" என்பார்.

இவ்வளவு பார்க்கிறவர் ஒருமுறை பார்க்கத் தவறினார். மூன்று வருஷத்துக்கு முன், பரிசோதனைக் கூடத்து மென்பொருளில் அச்சடிக்கும் துண்டு பழசாகிவிட்டதென்று அவரே மாற்றினார். திரையில் பத்துத் தடவை சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. காகிதத்தில் பார்க்கவில்லை. புதுத் துண்டு, அச்சடிக்கும்போது தசமப் புள்ளியை விழுங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் வலி என்று வந்த ஒரு மனிதருக்குக் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு திரையில் ஒன்று புள்ளி இரண்டு, கையில் கொடுத்த தாளில் பன்னிரண்டு. சிறுநீரகம் போய்விட்டது என்று அவரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து மேல்மாடிக்குக் கொண்டுபோனார்கள். அவர் மனைவி வராந்தாவில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாய்விட்டு அழுதார். கூடத்துக்காரர் தற்செயலாகத் திரையைப் பார்த்துக் கத்தியதால் ஊசி ஏறுவதற்கு முன்பே அந்த மனிதர் தப்பித்தார். அந்தத் தாளை அக்கா மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறார். "அந்தம்மா அழுதது என்னாலதான்" என்பார், யாரும் கேட்காமலே.

போன மாதம் தலைவலியாக வந்து நின்றதும் அதே அச்சடிக்கும் துண்டுதான். அதன் பழைய பதிப்பில் பெரிய ஓட்டை. அது வழியாக யாரோ புகுந்து, வேறோர் ஊர் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒரே காலையில் பூட்டிவிட்டார்கள். அக்கா பீரோக் கதவைப் பார்த்தார். இங்கே அந்தப் பழைய பதிப்பு மிச்சம் இருந்தது ஒரே இடத்தில், இரத்த வங்கி மென்பொருளின் வயிற்றில். இரத்தப் பைகளுக்கு வகை போட்டு லேபிள் அடிப்பது அதுதான்.

விற்ற கம்பெனிக்குப் போன் போட்டார்.

"நல்லாத்தானே மேடம் ஓடுது? அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"அடுத்த பதிப்பு எப்ப?"

"சொல்லி அனுப்பறோம். நீங்களா கை வச்சா நாங்க பொறுப்பில்ல மேடம்."

"கை வைக்காட்டி?"

போனில் இசை போட்டுவிட்டார்கள்.

பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். "மாத்தணுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்கம்மா."

"ஒரே வார்த்தையில சொன்னா பொய்யாயிடும் சார். மாத்தலைன்னா திருடன் வருவான். மாத்தினா, புள்ளியை முழுங்கினது பிளஸ்ஸையும் மைனஸையும் முழுங்காதுன்னு நான் எப்படி சொல்றது? லேபிள் தப்பானா ஒரு உயிரு போயிடும் சார்."

"அப்ப என்னதான் பண்றது?"

"நாலு நாள் குடுங்க."

இரத்த வங்கிக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் வயரை அக்கா தன் கையால் பிடுங்கினார். திருடனுக்கு வழி அடைபட்டது, வார்டுகளுக்கும் அடைபட்டது. இரத்தம் கேட்டு எழுதிய சீட்டுகளை எடுத்துக்கொண்டு நர்ஸுகள் மாடிக்கு மாடி ஓடினார்கள். "ஏங்க்கா, கம்ப்யூட்டர் ஓடுமா, இல்ல நாங்களே ஓடணுமா?" என்று ஒரு நர்ஸ் கேட்டே விட்டார். அக்கா, "நாலு நாள் ஓடும்மா, உடம்புக்கு நல்லது" என்றார். சொல்லிவிட்டு அறைக்குள் போய்த் தண்ணீர் குடித்தார்.

உதிரியாகக் கிடந்த ஒரு கம்ப்யூட்டரில் புதுத் துண்டை வைத்து லேபிள் அடிக்க ஆரம்பித்தார்கள், அக்காவும் இரத்த வங்கி டெக்னீஷியனும். எட்டு வகைக்கும் ஐம்பது ஐம்பதாக நானூறு. திரையைத் துணி போட்டு மூடிவிட்டார் அக்கா. காகிதத்தை மட்டும்தான் நம்பினார். டெக்னீஷியன் படிக்க, அக்கா தலையாட்ட, பிறகு அக்கா படிக்க, அவர் தலையாட்ட. நானூறும் சரி.

"போதும்க்கா. மாத்திடலாம்."

"நானூறும் நாம விளையாட்டுக்கு அடிச்சது. அதுல ரத்தம் இல்லையே?"

ஐந்தாம் நாள் காலை, நிஜக் கம்ப்யூட்டரில் துண்டை மாற்றினார். பிறகு யாரும் எதிர்பாராததைச் செய்தார். இரத்தம் கொடுக்கிறவர்கள் படுக்கும் சாய்வு நாற்காலியில் போய்ப் படுத்துவிட்டார்.

"அக்கா, உங்களுக்கு ஊசின்னா..."

"தெரியும். முதல் பை என்னுதா இருக்கட்டும். தப்பு வந்தா எனக்கே தெரியும். நான் ஏ நெகட்டிவ்."

டெக்னீஷியன் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து வகையைப் பார்த்தார். கையில் ஊசி ஏறியது. அக்கா கையைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, மூலையில் இருந்த பிரிண்டரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். டெக்னீஷியன் விவரங்களைத் தட்டினார். பிரிண்டர் ஒரு முறை செருமிவிட்டு லேபிளைத் துப்பியது.

"காட்டுங்க."

"சரியா இருக்குக்கா. நான் பாத்துட்டேன்."

"காட்டுங்கன்னேன்."

ஊசி ஏறாத கையால் வாங்கினார். ஏ. அதற்குப் பக்கத்தில், கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்ட கழித்தல் குறி. இருந்தது. டெக்னீஷியன் ஒட்டுவதற்குக் கை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. லேபிளைத் திருப்பி, ஒன்றுமே எழுதாத அதன் பின்பக்கத்தையும் வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்தார்.