வலிக்காத மடி

மாமா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. எங்கள் குடும்பத்தில் அவர் பேச்சை எடுத்தால் கடைசியில் என் காதில்தான் வந்து முடியும்.

அப்போது எனக்கு ஐந்து வயது. குடியாத்தத்தில் தாத்தா வீட்டோடு இருந்தோம். தாத்தாவுக்கு லுங்கித் தறி. அம்மாவின் ஒரே தம்பியான மாமா, ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போன இடத்தில், வீட்டில் உருது பேசும் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அன்றிலிருந்து வீட்டில் அவர் பெயரை யாரும் எடுக்கக் கூடாது.

பல் டாக்டரிடம் போவதாகத் தாத்தாவிடம் சொல்லிவிட்டு அம்மா என்னை ஆம்பூருக்குக் கூட்டிப்போவாள். மாமாவும் அத்தையும் பிரியாணி வாங்கித் தருவார்கள். அந்த வருஷம் என் பல்லுக்கு நடந்த வைத்தியம் கொஞ்சநஞ்சமில்லை. மாமாவைப் போல என்னை யாரும் கொஞ்சியதும் இல்லை. ஒருநாள் என் காதைத் தடவிக்கொண்டே ரகசியம் சொன்னார்.

"என் மடில உக்காந்து காது குத்திக்கினா வலிக்காது பாப்பா. வேற மடின்னா ஜாஸ்தி வலிக்கும்."

அம்மா எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

காதுகுத்து அன்று கோயிலில், தாய்மாமன் இடத்தில் ஒன்றுவிட்ட மாமா ஒருவரை உட்கார வைத்தார் தாத்தா. நல்ல மனுஷர்தான். ஆனால் வலிக்கிற மடி. "எனக்கு ஆம்பூர் மாமாதான் வேணும்!" என்று நான் போட்ட கூச்சலில் ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

தாத்தா அம்மாவை முறைத்தார்.

"சொந்த மாமன் இருக்கும்போது வேற மடி இன்னாத்துக்கு நைனா?" என்றாள் அம்மா. அவள் தாத்தாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

தாத்தா துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "நல்ல நேரம் போவுது. வரச் சொல்லு அவன" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, மாமா வந்து நின்றார். புதுச் சட்டை, கையில் கம்மல் பெட்டி. ஆம்பூரிலிருந்து அவ்வளவு வேகமாக எப்படி வந்தார் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். காலையிலிருந்தே எதிர் டீக்கடையில் நின்றிருந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை.

தாத்தா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தார். "அந்தப் பொண்ண ஏண்டா வெய்யில்ல நிக்க வெச்ச? உள்ள கூப்புடு."

அத்தை சீர்த்தட்டோடு உள்ளே வந்தாள். நான் மாமா மடியில் ஏறி உட்கார்ந்தேன்.

வலித்தது. நன்றாகவே வலித்தது. அழுதால் மாமா சொன்னது பொய்யாகிவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் அம்மா அழுகிறாள், அத்தை அழுகிறாள், என் உச்சந்தலையில் மாமாவின் கண்ணீர் சொட்டுகிறது. தாத்தா துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறார்.

காது குத்தினால் பெரியவர்களுக்குத்தான் ரொம்ப வலிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.