ஒரு 'அண்ட்' வேணும்

மகளின் ஆங்கிலக் கொப்பியில் 'அண்ட்', 'பட்' போட்டு வாக்கியங்களை இணைக்கச் சொல்லியிருந்தார்கள். பார்த்ததும் தெஹியோவிட்ட ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீடும், அப்பாவின் சட்டையில் ஒட்டியிருக்கும் ரப்பர்ப் புகை வாசனையும் வந்துவிட்டன.

தொண்ணூற்றெட்டு. எனக்குப் பத்து வயது. இதே பாடம். மாமா கல்யாணத்துக்கு அப்பா வரவில்லையென்று அம்மா ஒரு வாரமாக அவரோடு பேசவில்லை. வீட்டில் நடந்ததையே எழுதினேன். அப்பா வந்தார், பட் அம்மா பார்க்கவில்லை. அம்மா சமைத்தாள், பட் அப்பா சாப்பிடவில்லை. எழுதிய ஐந்து வாக்கியத்திலும் 'பட்'தான்.

யாழ்ப்பாணத்து டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"எல்லாம் 'பட்'டாக் கிடக்குது பிள்ளை. நாளைக்கு ஒரு 'அண்ட்' எழுதிக்கொண்டு வாரும்."

வீட்டுக்கு வந்து இருவருக்கும் நடுவில் கொப்பியோடு நின்றேன்.

"எனக்கு ஒரு 'அண்ட்' வேணும். ரெண்டு பேரும் ஏதாச்சும் செய்யுங்க, இல்லாட்டி டீச்சர் ஏசுவாங்க."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, தேங்காயையும் துருவியையும் எடுத்துவந்து உட்கார்ந்தார். பழக்கமில்லாத கை. சிரட்டையையும் சேர்த்துச் சுரண்டினார்.

"செரட்டயும் சேத்தா துருவுவாங்க? இங்க குடுங்க!"

அந்த வாரத்தில் அம்மா அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அப்பா துருவியைக் கொடுக்காமல் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"எழுதிக்க புள்ள. அப்பா தேங்கா துருவுனாரு, அண்ட் அம்மா ஏசுனா."

டீச்சர் சரி போட்டார்.

"அம்மா, 'அண்ட்' வச்சு ஒண்ணு சொல்லுங்க" என்கிறாள் மகள். யோசிக்கத் தேவையே இல்லை. அப்பா இன்றும் சிரட்டையோடுதான் துருவுகிறார், அண்ட் அம்மா இன்றும் ஏசுகிறாள்.