கல்யாண மண்டபத்தில் முப்பது கட்டில்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு முதியோர் இல்லம் இருந்ததாம். அதில் முப்பது கட்டிலாம், வேலைக்கு ஷிஃப்டுக்கு மூன்றே ஆளாம், அதில் நானும் ஒருவனாம். கதையென்றால் ஒரு பூதம் வந்து மிச்ச வேலையைச் செய்துவிட்டுப் போகும். காட்டுப்பாக்கத்தில் எங்களுக்குப் பூதம் வாய்க்கவில்லை. பெட்பேன் தூக்கிய தோழர்களே, உங்களுக்கும் வாய்த்திருக்காது.

தொண்ணூறுகளின் தொடக்கம். முதலாளி கட்டிய கல்யாண மண்டபத்துக்கு யாரும் கல்யாணம் பண்ண வராததால் அதையே இல்லமாக்கிவிட்டார். மணமகள் அறை ஆபீஸ். மணமேடைக்கு எதிரே பெண்கள் வார்டு. அங்கேதான் கோவிந்தம்மாள் வந்து சேர்ந்தார். விழுந்து முறிந்த இடுப்பெலும்பு கூடியிருந்தது. மகன் வீடு மண்ணூர்பேட்டையில், மாடியில். தினமும் நடந்து, படி ஏறப் பழகினால் வீட்டுக்குப் போகலாம். படுத்துவிட்டால் கடைசிவரை படுக்கைதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

நாலு மணி ராத்திரி

சமையல்காரர் பூந்தமல்லி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் ராத்திரிச் சாப்பாடு மாலை நாலு மணிக்கே. ஐந்துக்கெல்லாம் எல்லோரும் தூங்கியாக வேண்டும். வெளியே பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருப்பார்கள். முதல் நாள் கோவிந்தம்மாள் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். முதலாளி போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடி, “ராத்திரி நேரத்துல எங்கம்மா நடக்கறீங்க?” என்றார். கோவிந்தம்மாள் ஜன்னலைப் பார்த்தார்.

“ராத்திரின்னு அந்தக் கோழிக்குத் தெரியலியே நைனா, மேஞ்சிகினு கீதே!”

ஒரு ஜோடிக் கையுறை

மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஜோடி ரப்பர் கையுறை. கழுவிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்போம். அது காய்கிறவரை அடக்கிக்கொள்ளுங்கள் என்று பெரியவர்களிடம் சொல்ல முடியுமா? வெறுங்கைதான். மாற்று ஆள் வராத நாளில் அடுத்த ஷிஃப்டும் நாங்களே. ஆயா செல்வியக்கா ஒருநாள் இன்னொரு ஜோடி கேட்டதற்கு முதலாளி நெகிழ்ந்துபோய், “நீங்கல்லாம் வேலைக்காரங்களா? என் குடும்பம்மா” என்றார். அக்கா கொடியைக் காட்டினார்.

“அப்ப உங்க ஊட்டம்மாவ இட்டுகினு வா சார், இன்னிக்கு ஒரு நாளு அவங்க அள்ளட்டும்.”

தண்ணீர் வைத்தியம்

நடக்கிறவர்கள் விழுவார்கள், விழுந்தால் இல்லத்துக்குக் கெட்ட பேர். இது முதலாளியின் சித்தாந்தம். ஆகவே கைத்தடிகளெல்லாம் ஸ்டோர் ரூமில். ஒண்ணுக்குப் போக மட்டும் நடக்கலாம். கோவிந்தம்மாள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கழிவறை கூடத்தின் மறுகோடியில். அடிக்கொரு தரம் “நைனா, வருது” என்பார். நான் தோள் கொடுப்பேன். போய்க் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்புவோம். ஆள் பார்க்காவிட்டால் வழியில் மணமேடையில் ஒரு படி, இரண்டு படி ஏறி இறங்குவார்.

முதலாளி இதற்கும் மருந்து கண்டுபிடித்தார்: கோவிந்தம்மாளுக்குத் தண்ணீரைக் குறைத்துவிட்டார். அந்தச் சித்திரை வெயிலில்! குரலை உயர்த்திப் பேசிப் பழகாத நான், ஒரு சொம்பு மோரைத் தலையணைக்குப் பின்னால் ஒளித்து வைத்ததோடு சரி. ஒரு வாரம் கழித்து முதலாளி மெய்யான கவலையோடு என்னைக் கேட்டார்:

“தண்ணியே குடுக்கறதில்ல, எங்கேருந்துப்பா வருது அந்தம்மாவுக்கு?”

ஞாயிற்றுக்கிழமை விரிப்பு

உறவினர் வரும் ஞாயிறு மட்டும் வெள்ளை விரிப்பு. அவர்கள் போனதும் உருவி மடித்துவிடுவோம். அது கசங்காமலிருக்க எல்லோரும் அசையாமல் கிடக்க வேண்டும். கோவிந்தம்மாளின் மகன் முருகன் வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. முதலாளி சோகமாகத் தலையாட்டி, “இனிமே எழுந்திருக்க மாட்டாங்க தம்பி. நிரந்தரமா இங்கயே இருக்கட்டும்” என்றார். முருகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரியென்று சொல்ல வாயெடுத்தார்.

விரிப்பு பாதி தரையில் இழுபட, கோவிந்தம்மாள் இறங்கினார். நான் ஓடிப்போய்க் கை நீட்டினேன், தள்ளிவிட்டார். தூணைப் பிடித்து, மணமேடைப் படிகளில் ஒவ்வொன்றாக ஏறி, மேலே நின்று மூச்சு வாங்கியபடி மகனைப் பார்த்துச் சொன்னார்:

“இன்னாடா பாக்குற? உன் மாடி இன்னா ஆகாசத்துலயா கீது? பையத் தூக்கு.”

முதலாளி அசரவில்லை. மற்ற உறவினர்கள் பக்கம் திரும்பிக் கையை விரித்தார்:

“பாத்தீங்களா எங்க கவனிப்ப!”

அம்மாவும் மகனும் கேட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்து மறைந்தார்கள். நான் வேலை பார்த்த காலத்தில், எங்கள் கவனிப்பையும் மீறித் தேறியவர் அவர் ஒருத்தர்தான்.